இடியப்பத் தட்டும் ஐந்தாவது கோமாளி மீனும்

கடல்மீன் விற்கும் கடையொன்றில் இருபதாண்டுகளுக்கு மேல் கடமையாற்றி, இவ்வாண்டு ஓய்வு பெற்றேன். பிரியாவிடை நாளன்று கடையின் பின்னறையில் கேக் வெட்டினார்கள். வார இறுதிகளில் எங்களோடு வேலை செய்யும் துளசி என்ற பல்கலைக்கழக மாணவி, தன் பங்குக் கேக்கைக் கையில் ஏந்தியபடி என்னிடம் வந்தாள்.

"அங்கிள், லாஸ்ட் கொஸ்டின். ஒரு டாங்கில எத்தினை கோமாளி மீன் ஒண்டா விடலாம்?"

"அஞ்சு."

"பழைய முதலாளி ஆதர் ரெண்டு எண்டெல்லோ சுவரிலயே எழுதி வைச்சிருக்கிறார்?"

"ஆதர் சொல்லுறதும் சரி. நான் சொல்லுறதும் சரி."

"ரெண்டும் எப்படி அங்கிள் சரியா இருக்கும்? போங்கோ!"

விளக்கத் தொடங்கினேன். கேக் முடிந்தது, விளக்கம் முடியவில்லை. முன்புறம் வாடிக்கையாளர் ஒருவர் மணியை அடிக்கவே அவள் எழுந்து ஓடிவிட்டாள். முன்பெல்லாம் கடலில் பிடித்த கோமாளி மீன்கள் ஒன்றிரண்டாகக் கடைக்கு வரும். இப்போது பண்ணைகளில் பொரித்த குஞ்சுகள் பைபையாக வருகின்றன. வாங்குவோரும் கூட்டமாகவே கேட்கிறார்கள். ஆகவே துளசியின் கேள்வி இனிப் பலருக்கும் எழும். சொல்லி முடிக்க இயலாததை எழுதி முடிக்கலாம் என்ற நம்பிக்கையில் இதனை எழுதுகிறேன்.

எண்பத்து நான்காம் ஆண்டு நான் சிட்னிக்கு வந்தபோது எனக்கு வயது நாற்பது. மீனைப்பற்றி நான் அறிந்திருந்ததெல்லாம் குழம்பு வரையில்தான். முதலில் ஒரு பிஸ்கற் தொழிற்சாலையிலும், பின்னர் கடைகளின் கண்ணாடி கழுவும் வேலையிலும் இருந்தேன். பரமற்றாவுக்கு அண்மையில் இருந்த ஒரு கடல்மீன் கடையின் முகப்புக் கண்ணாடி, வெள்ளிக்கிழமைகளில் என் பொறுப்பு. ஒருநாள் கடைக்காரர் கதவைத் திறந்து, வெளிப்பக்கத்தை இவ்வளவு நன்றாகத் துடைக்கும் நீ உட்பக்கத்தையும் துடைப்பாயா என்று கேட்டார். கடையின் உட்பக்கத்தைச் சொல்கிறார் என எண்ணி இசைந்தேன். அவர் கருதியது, வரிசை வரிசையாக அடுக்கியிருந்த மீன் தொட்டிகளின் உட்பக்கத்தை. அன்று தொட்டிக்குள் விட்ட கையை இவ்வாண்டுதான் வெளியே எடுத்திருக்கிறேன்.

அக்கடைக்காரரே ஆதர். நான் சேர்ந்தபோது அவருக்கு அறுபது வயது நெருங்கியிருக்கும். அவருடைய கம்பளிச் சட்டைகள் எல்லாவற்றிலும் வலக்கை தோளோடு வெட்டப்பட்டிருக்கும். அந்தக் கை எந்நேரமும் ஏதாவதொரு தொட்டிக்குள் இருந்தபடியால், சட்டைக்கை அவருக்கு வீண்செலவாகத் தோன்றியது. வாடிக்கையாளருடன் கதைக்கும்போதும் கையை வெளியே எடுக்கமாட்டார். யாராவது கைகுலுக்க முன்வந்தால் இடக்கையை நீட்டுவார். அவர் ஆங்கிலத்தில் சொன்னவற்றை நான் இங்கே என் தமிழில் தருகிறேன். அவருடைய வசைகளை மட்டும் தமிழாக்காமல் விடுகிறேன்.

அவர் எனக்கு வழங்கிய முதற்கருவி வலையன்று, வெறும் வாளி. எந்தத் தொட்டியில் எந்தக் குறை ஏற்பட்டாலும், முதலில் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் அமர வேண்டும். அமர்ந்து பார்க்க வேண்டும். எந்த மீன் எங்கே நிற்கிறது, எது எதைக் கண்டு விலகுகிறது, எது உண்ணவில்லை என்பன தெளிவாகும்வரை தண்ணீரில் கை வைக்கலாகாது. தொடக்கத்தில் இதனை நான் சோம்பல் என்றே கருதினேன். உடலை அசைத்தால்தான் வேலை என்று எண்ணும் தொழிற்சாலையிலிருந்து வந்தவன் நான். என் எண்ணத்தைத் திருத்தியது ஓர் உணவகத்துத் தொட்டி.

அந்த உணவகத்தில் ஒற்றைக் கோமாளி மீன் ஒன்று இருந்தது. அது காலைமுதல் மாலைவரை ஒரே மூலையில் கண்ணாடியை மோதி மோதித் தன் மூக்கைப் புண்ணாக்கிக்கொண்டது. தண்ணீர் கெட்டுவிட்டதென்று உரிமையாளர் எங்கள்மீது பாய்ந்தார். ஆதர் தண்ணீரைச் சோதிக்கவேயில்லை. வாளியில் அமர்ந்து, அவர்கள் கொடுத்த தேநீரை அருந்தி முடித்தார். பின்னர் எழுந்து, தொட்டியின் அருகே மேசையில் பளபளவென நின்ற பெரிய தேநீர்ப் பாத்திரத்தை இரண்டு கைகளாலும் தூக்கி மறுபக்கம் வைத்தார். மீன் அடங்கிவிட்டது. அப்பாத்திரத்தில் தெரிந்த தன் உருவத்தோடுதான் அது அத்தனை நாளும் போர் புரிந்திருக்கிறது.

"தன்னையே பொறுக்காத மீன், நாட். இன்னொன்றை எப்படிப் பொறுக்கும்?" என்றார் ஆதர், கடை வண்டியில் திரும்பி வரும்போது. நடேசன் என்ற பெயரை அவர் அவ்வளவாகச் சுருக்கியிருந்தார்.

கோமாளி மீன்களின் குடும்ப முறையை இவ்விடத்தில் சொல்லிவிட வேண்டும். கடலில் அவை சிறு குழுவாக ஒரு கடற்சாமந்தியில் குடியிருக்கும். கடற்சாமந்தி என்பது பூவைப்போல் தோன்றும் ஓர் உயிரினம். அதன் இதழ்போன்ற கைகள் மற்ற மீன்களைக் கொட்டிக் கொன்றுவிடும். கோமாளி மீனை மட்டும் தன் மடியில் வைத்திருக்கும். அந்த மடியிலும் முன்பின் அறியாத மீன் முதல்நாளே போய்ப் படுத்துவிட இயலாது. ஓரத்தில் சிறிது சிறிதாக உரசி உரசிப் பழகியபின்பே இடம் கிடைக்கும். குழுவில் பெரியது தலைமை தாங்கும். அடுத்தது அதற்குத் துணை. ஏனையவை வரிசைப்படி ஒன்றைவிட ஒன்று சிறியதாக நின்று, தம் முறைக்குக் காத்திருக்கும். வீட்டுத் தொட்டியிலோ ஓடி ஒளியக் கடல் இல்லை. ஆதலால் இரண்டு சோடி சேர்ந்துகொண்டு மூன்றாவதைக் கொன்றுவிடுவதே வழக்கம். இதனால்தான் ஆதர் தம் கடைச் சுவரில் "இரண்டு. அதற்குமேல் கேட்காதீர்கள்" என்று எழுதிவைத்தார். கேட்டவர்களை மெய்யாகவே விரட்டினார்.

இந்த விதியை நாங்கள் மீற நேர்ந்தது தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், கிரவீனில் இருந்த ஒரு தமிழர் வீட்டில்.

வீட்டுக்காரர் யோகநாதன், பொறியியலாளர். குடும்பத்தில் மூத்தவர். தாமே முதலில் வந்து, தாயாரையும் மூன்று சகோதரரையும் ஒருவர்பின் ஒருவராக அழைத்தெடுத்தவர். நான்கு பிள்ளைகளும் ஓரிடத்தில் சேர்ந்த மகிழ்ச்சியில், புது வீடு குடிபுகுந்த அன்று நான்கு குட்டிக் கோமாளி மீன்களைத் தொட்டியில் விட்டார். ஆதர் இரண்டுக்குமேல் கொடுக்க மறுத்ததால், இரண்டை எங்களிடமும் இரண்டை வேறொரு கடையிலுமாக வாங்கியிருந்தார். ஒரே நாளில், ஒரே அளவில், மிகச் சிறியனவாக விட்ட காரணத்தால் அவை சண்டையின்றித் தமக்குள் வரிசை வகுத்துக்கொண்டன. வேண்டுமென்றே செய்திருந்தால் அவரை நான் மேதை என்பேன். மீன்களுக்கு வயது வரிசைப்படி பிள்ளைகளின் பெயர்கள் சூட்டப்பட்டன. பெரியதற்கு யோகன் என்று பெயர்.

"மருமகளுக்கு மீன் இல்லையாம். நான் சாப்பாடு போடுறதோடை சரி," என்பார் அவருடைய மனைவி சாந்தி, மீன்களுக்குத் தீனி தூவியபடி.

ஐந்தாவதாகக் கௌரி என்றொரு தங்கை இருந்தார். கடைசிப் பிள்ளை. கொழும்பில் ஒரு லொட்ஜில் அறையெடுத்துத் தங்கி, விசாவுக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார். தாயார் மனோன்மணி அம்மாவுக்கு அந்த நினைவு தவிர வேறு நினைவில்லை. ஒருநாள் மகனைக் கூப்பிட்டு, கௌரிக்கும் ஒரு மீனை விடச் சொன்னார். வந்தபின் விடலாமே என்றாராம் மகன்.

"பஸ்ஸிலை லேஞ்சியைப் போட்டு இடம் பிடிக்கிறேல்லையோ? அப்படிப் பிடிச்சு வை. ஆள் பிறகு வந்து இருக்கும்."

கைக்குட்டையைப் போட்டு ஆசனம் பிடித்துப் பயணம் செய்த நம்மவர்க்கு இந்த நியாயம் உடனே விளங்கும். மகனுக்கும் விளங்கியது. அவர் கடைசித் தங்கைக்குக் குறை வைக்கக்கூடாதென்று, கிடைத்தவற்றுள் கொழுத்ததும் பெரியதுமான மீனைத் தேடி வாங்கித் தொட்டியில் விட்டார்.

சில வாரங்களின்பின் ஒரு மதிய வேளையில், யோகநாதன் அலுவலகக் கழுத்துப்பட்டியோடு மூச்சு வாங்கியபடி கடைக்குள் வந்தார்.

"அண்ணை, முந்தி வாங்கினது மாதிரி ஒண்டு வேணும். அதே சைஸ், அதே கலர். பின்னேரம் அம்மா கோயிலாலை வரமுதல் விடவேணும்."

"முந்தி வாங்கினதுக்கு என்ன நடந்தது?"

"முந்தினது செத்து, அதுக்குப் பதிலா விட்டதும் செத்துப்போச்சு." குரலைத் தாழ்த்தினார். "செட்டையெல்லாம் கிழிஞ்சு கிடந்தது அண்ணை. அம்மாவுக்குத் தெரியாது. கௌரி கல்லுக்குப் பின்னாலை நிக்கிறாள் எண்டு சொல்லி வைச்சிருக்கிறன்."

விற்க மறுத்தேன். அவருடைய முகம் வாடியது. வீட்டுக்கு வந்து பார்க்கிறேன், அதன்பின் முடிவு செய்வோம் என்றேன்.

அடுத்த நாள் வாளியுடன் போய்த் தொட்டியின்முன் அமர்ந்தேன். நான்கும் கடற்சாமந்தியைச் சுற்றி வரிசை தவறாது நின்றன. பெரியது என்னைக் கண்டதும் கண்ணாடிவரை வந்து முறைத்தது. மனோன்மணி அம்மா தேநீர் கொண்டுவந்து தந்து, எனக்குப் பின்னால் ஒரு கதிரையில் அமர்ந்தார். வீட்டில் வேறெவரும் இல்லை.

"தம்பி, ஒண்டு கேட்டா உண்மை சொல்லுவியளோ?"

"கேளுங்கோ அம்மா."

"இவன் இதுவரைக்கும் எத்தினை கௌரியை வாங்கினவன்?"

தேநீர் எனக்குப் புரையேறிவிட்டது. அவர் என் தலையில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத் தொடர்ந்தார்.

"முதல் வந்தவளுக்கு நடு வெள்ளைக் கோடு முறிஞ்சு இருந்தது. பிறகு பாத்தா முறியாமல் இருக்கு. ஒரு கிழமையிலை கோடு ஒட்டுமோ? இப்ப கல்லுக்குப் பின்னாலை நிக்கிறாளாம். டோச் அடிச்சுப் பாத்தனான், அங்கை ஒருத்தியும் இல்லை."

"யோகனுக்குச் சொல்லேல்லையோ?"

"நான் கவலைப்படுவன் எண்டு அவன் மறைக்கிறான். எனக்குத் தெரியும் எண்டு அறிஞ்சா அவன் கவலைப்படுவான். நீங்களும் சொல்லிப்போடாதேங்கோ." கதிரையைத் தொட்டியின் பக்கம் இழுத்துக்கொண்டார். "நான் சாத்திரம் பாக்கிற ஆள் இல்லைத் தம்பி. ஆனா அவளுக்கு வாற மாதம் எம்பசியிலை இன்ரவியூ. இனி ஒண்டு சாகிறதை நான் பாக்கமாட்டன்."

ஒரு வீட்டில் ஒரே இரகசியத்தை இருவர் ஒருவருக்கொருவர் தெரியாமல் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள். இருவரும் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டார்கள்.

கடைக்குத் திரும்பி ஆதரிடம் முழுவதையும் சொன்னேன். அவர் தொட்டியிலிருந்து கையை எடுக்காமலே கேட்டுக்கொண்டிருந்தார்.

"நான்கு இருப்பதே அதிசயம். ஐந்து கேட்பது பேராசை," என்றார். பிறகு, "அவர் வாங்கிவிட்ட மீன் எவ்வளவு பெரியது?" என்று கேட்டார்.

இருந்தவற்றுள் பெரியது என்றேன். ஆதர் சிரித்த சிரிப்பில் தொட்டித் தண்ணீர் தளும்பியது.

"ஓர் அரசி இருக்கும் அரண்மனைக்கு இன்னோர் அரசியை அனுப்பினால் அவள் வேறென்ன செய்வாள்? இருக்கிறதிலேயே சிறியதை எடுத்துப் போ. யாருக்கும் போட்டியாகத் தோன்றாததை." தம்முடைய சொந்த வாளியையும் என்னிடம் கொடுத்தார். "இறந்தால் அந்த அம்மாவிடம் நீதான் சொல்ல வேண்டும். நான் சொல்லமாட்டேன்."

அப்போதுதான் வந்திறங்கிய குஞ்சுகளில் மிகச் சிறியதைத் தெரிவுசெய்தேன். என் பெருவிரல் நகத்தின் அளவு இருக்கும். ஆனால் நன்றாக உண்டது; அதுவே எனக்கு வேண்டியிருந்தது. அதைப் பையில் இட்டுக் கிரவீனுக்குக் கொண்டுபோனபோது வீட்டிலிருந்த மூவரும் கூடத்தில் நின்றார்கள்.

யோகநாதன் பையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவருக்கு வியர்த்துவிட்டது. தாயாரின் பக்கம் திரும்பி, "அம்மா, கல்லுக்குப் பின்னாலை நிண்டவளை அண்ணை பிடிச்சு வைத்தியம் பாக்கக் கொண்டுபோனவர். இப்ப கொண்டு வந்திருக்கிறார். கொஞ்சம் மெலிஞ்சுபோனாள்," என்றார்.

மனோன்மணி அம்மா பையை வாங்கி உற்றுநோக்கினார். முகத்தில் ஒரு தசையும் அசையவில்லை.

"ஓம். லொட்ஜ் சாப்பாடுதானே," என்றார்.

சாந்தி வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் ஓடினார். அங்கே ஒரு பாத்திரம் விழுந்த ஓசை கேட்டது.

என் திட்டத்தை விளக்கினேன். முதலில், புதியதைத் தொட்டிக்குள்ளேயே ஒரு கூண்டில் வைக்க வேண்டும். மற்றவை அதைக் காணலாம், கடிக்க முடியாது. பழகியபின் நான்கையும் வெளியே எடுத்து, கற்களை எல்லாம் இடம் மாற்ற வேண்டும். பழைய மூலைகள் அழிந்துவிட்டால், இது என் இடம் என்று எந்த மீனும் சொல்ல இயலாது. பின்னர் புதியதை முதலில் விட்டு, மற்றவற்றைச் சிறியதிலிருந்து பெரியதாக ஒவ்வொன்றாய் விட வேண்டும்.

"பெரியவ கடைசியா உள்ளை போகவேணும். அவதான் தலைவி," என்றேன்.

"ஆர் தலைவி?" என்றார் யோகநாதன்.

அப்போதுதான் அவருக்கு இது தெரியாதென்பதை உணர்ந்தேன். தெரிந்ததை மறைக்க எனக்கு வரவில்லை.

"பெரிய மீன் பொம்பிளை. இந்தச் சாதியிலை எல்லாம் ஆணாத்தான் வளரும். தலைமைக்கு வாறது மட்டும் பொம்பிளையா மாறும்."

 குசினி வாசலிலிருந்து சாந்தியின் குரல் வந்தது.

"கடவுளே! இவ்வளவு காலமும் நான் ஆரோடை குடும்பம் நடத்தினனான்!"

"பொறுப்பை எடுத்தா பொம்பிளைதான். அதிலை என்ன பகிடி?" என்றார் மனோன்மணி அம்மா.

"அண்ணை, இதைத் தயவுசெய்து வெளியிலை சொல்லாதேங்கோ," என்று யோகநாதன் என்னை வேண்டினார். நான் சொல்லவில்லை. அன்று மாலைக்குள் தம்பிமார் இருவரும் மூத்த தங்கையும் தொலைபேசியில் அவரை "அக்கா" என்று அழைத்துவிட்டார்களாம்.

கூண்டில்தான் இடர் வந்தது. நான் கொண்டுபோன பிளாஸ்ரிக் பெட்டியின் துளைகள் பெரியவை. நகமளவு மீன் அவற்றினூடே எளிதாக வெளியே நீந்திவிடும். வேறு பெட்டி கடையிலும் இல்லை. நான் யோசித்து நிற்க, மனோன்மணி அம்மா குசினிக்குள் போய், வென்ட்வேர்த்வில் தமிழ்க் கடையில் வாங்கிப் பிரிக்காமல் வைத்திருந்த இடியப்பத் தட்டுக் கட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். பின்னல் வேலைப்பாடுள்ள வெள்ளைப் பிளாஸ்ரிக் தட்டுகள்.

"இதாலை ஆவி போகும். தண்ணி போகாதோ?"

தண்ணீர் நன்றாகவே போயிற்று. சவர்க்காரம் படாத புதிய தட்டுகளாக இருந்தமை பெரும் நன்மை. சவர்க்காரத்தின் மிச்சம் சிறிது கலந்தாலும் மீன் பிழைக்காது. கொதிநீரில் கழுவி, இரண்டு தட்டுகளை முகத்தோடு முகம் வைத்து, தூண்டில் நூலால் விளிம்பைச் சுற்றித் தைத்தேன். குழிந்த இரு பக்கங்களும் சேர்ந்து, உள்ளே மீன் உலாவப் போதிய இடம் கொண்ட ஒரு கூண்டாயிற்று. அதனைக் கடற்சாமந்தியின் அருகே கற்களுக்கிடையில் இருத்தினேன். கடற்சாமந்தியின் கைகளின் நுனி தட்டின் துளைகளைத் தொட்டும் தொடாமலும் அசைந்தது. உள்ளிருந்த குஞ்சு அந்த நுனிகளில் உரசிப் பார்க்கத் தொடங்கியது. பெரிய மீன் முதலில் தட்டை மூர்க்கமாக இடித்தது. போகப்போக இடிப்பது குறைந்தது. பின்னர் தட்டின்மேல் வந்து நின்றுவிட்டுப் போகத் தொடங்கியது.

அதுவே எனக்கு வேண்டிய அடையாளம். ஒரு சனிக்கிழமை காலை நான்கையும் பிடித்து வாளிகளில் விட்டேன். கடற்சாமந்தி ஒட்டியிருந்த கல்லை மட்டும் அசைக்காமல், ஏனைய கற்கள் எல்லாவற்றையும் இடம் மாற்றினேன். புதிதாகக் கரைத்த உப்புநீரை மனோன்மணி அம்மா விரலில் தொட்டு நாக்கில் வைத்து, உப்புக் காணாது என்று தீர்ப்பளித்தார். உப்பை அளக்கும் மிதவைக் கருவி போதும் என்றது. கருவி பழையதாக இருக்கும் என்றார்.

தட்டுகளின் ஒரு பக்கத் தையலைப் பிரித்தேன். குஞ்சு வெளியே வந்து கடற்சாமந்தியின் ஓரத்தில் நின்றது. சிறியவை மூன்றும் ஒவ்வொன்றாகப் போயின; புது வீட்டுக்குள் நுழைந்தவர்களைப்போல் அறை அறையாகப் பார்த்தன. இறுதியில் பெரியதை விட்டேன். அது கற்களை ஒருமுறை சுற்றிவந்தது. பிறகு திரும்பி, வளையாத கோடுபோல் நேரே குஞ்சை நோக்கிப் பாய்ந்தது.

குஞ்சு ஓடவில்லை. ஒரு பக்கமாகச் சரிந்து, தலைமுதல் வால்வரை வெடவெடவென்று நடுங்கியது.

"ஐயோ அண்ணை, இதுவும் போகுது!" யோகநாதன் வலையை எடுத்துக்கொண்டு தொட்டியை நோக்கி வந்தார். அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். வாளியிலிருந்து எழவில்லை, ஆதரும் எழுந்திருக்கமாட்டார்.

"இருங்கோ. அது சாகேல்லை. அது வணக்கம் சொல்லுது. நான் சின்னன், நீ பெரிய ஆள் எண்டு சொல்லுது. கையை வைச்சியள் எண்டா எல்லாம் குழம்பும்."

"செத்தா அம்மாவுக்கு என்ன சொல்லுறது?"  தாயார் பின்னால் நிற்பதையும், தாம் "இதுவும்" என்று சொல்லிவிட்டதையும் அப்போதுதான் உணர்ந்தார்.

"செத்த ரெண்டையும் எனக்குத் தெரியும். நீ அந்த வலையைக் கீழை வை," என்றார் மனோன்மணி அம்மா.

யோகநாதன் வலையைக் கீழே வைத்தார். அவர் தாயாரின் முகத்தைப் பார்க்க, தாயார் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரிய மீன் குஞ்சின் மூக்கோடு மூக்காக நின்றது. குஞ்சு இன்னும் ஒருமுறை நடுங்கிக் காட்டியது. பெரியது வாலால் தண்ணீரை ஓர் அடி அடித்தது. பின்பு, வேறு வேலை நினைவுக்கு வந்ததைப்போல் திரும்பிப் போய்க் கடற்சாமந்தியின் நடுவில் படுத்துக்கொண்டது. குஞ்சு சற்றே நிமிர்ந்தது. வெளியோரத்துக் கையொன்றின் நுனியைத் தன் விலாவால் தொட்டது, விலகியது, மீண்டும் தொட்டது. மூன்றாம் முறை விலகவில்லை.

"உள்ளை போயிட்டாள்," என்றார் தாயார், மெதுவாக.

அன்று எனக்கு அந்த வீட்டில் கிடைத்த உணவு இடியப்பமன்று. தட்டுகள் தொட்டியில் இருந்தபடியால் பிட்டு.

இதன் பின்விளைவு ஒன்றையும் சொல்ல வேண்டும். ஆதர் ஒருநாள் தாமே வந்து, வாளியில் அமர்ந்து, ஐந்தையும் எண்ணிப் பார்த்தார். மீண்டும் எண்ணினார். பின்னர் தட்டுக் கூண்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதை எங்கே விற்கிறார்கள் என்று கேட்டார். மறுநாள் வென்ட்வேர்த்வில் கடைக்குப் போய் அங்கிருந்த தட்டுகள் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு வந்துவிட்டார். அடுத்த முறை நான் போனபோது கடைக்காரர் என்னை மறித்தார்.

"அண்ணை, ஒற்றைக் கைச் சட்டை போட்ட வெள்ளைக்காரன் ஒருத்தன் வந்தவன். சரியான இடியப்பப் பிரியனாக்கும். உரலும் வேணுமோ எண்டு கேட்டன், அது வேண்டாமாம். உரல் இல்லாமல் எப்படி அண்ணை பிழிவான்?"

இன்றும் எங்கள் கடையில் புதுமீன் பழக்கும் கூண்டு அதுவே. சுவரில் இருந்த விதியை ஆதர் அழிக்கவில்லை. அதன்கீழ் "நாட் உடன் வந்தால் ஐந்து" என்று எழுதிவைத்தார். அவர் கடையை மகளிடம் ஒப்படைத்துப் போனபின், சுவருக்கு வண்ணம் பூசியவர்கள் மேல்வரியை மட்டும் திரும்ப எழுதினார்கள். ஆதலால்தான் துளசிக்கு அந்தக் கீழ்வரி தெரியாது.

கௌரிக்கு விசா கிடைத்தது. அதற்கு மீன் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். மனோன்மணி அம்மாவும் சொல்லவில்லை. அவர் சொன்னதெல்லாம் "லேஞ்சி கிடந்தபடியாலை இடம் போகேல்லை" என்பதுதான். வந்த மறுநாள் மதிய உணவுக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். கதவைத் திறந்தவரை நிமிர்ந்து பார்க்க வேண்டியிருந்தது. கௌரி, தமையன்மார் எல்லோரையும்விடக் கட்டாயம் அரையடி உயரம் இருப்பார். என்னைத் தொட்டிக்கு முன் கூட்டிப்போனார்.

"அங்கிள், இதிலை நான் எது?"

ஓரத்தில் கடற்சாமந்தியின் கையொன்றைப் போர்த்துக்கொண்டு கிடந்த சிறியதைக் காட்டினேன். அது அதிகம் வளர்ந்திருக்கவில்லை.

"இதுவோ! இந்தப் பூச்சியோ? அண்ணா, உனக்கு வேறை மீன் கிடைக்கேல்லையோ?"

"வளராமல் அதுவாத்தான் தன்னை வைச்சிருக்குது. பெரிசா வளந்தா மேலை உள்ளதுகள் விடாது. முறை வரும்வரைக்கும் சின்னனா இருக்கும். முறை வந்த உடனை வளரும்," என்றேன்.

அவர் குனிந்து, முகத்தைக் கண்ணாடியருகே கொண்டுபோனார். "நானும் லொட்ஜிலை அப்படித்தான் அங்கிள் இருந்தனான்," என்றார். பிறகு நிமிர்ந்து, எல்லா மீன்களையும் விரலால் எண்ணினார். யோகன் அண்ணா, மற்ற மூவர், நான். விரல் அந்தரத்தில் நின்றது.

"அப்ப அம்மா எங்கை?"

யோகநாதன் என்னைப் பார்த்தார். நான் சாந்தியைப் பார்த்தேன். இத்தனை ஆண்டுகளில் எங்களுள் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. அம்மாவுக்கு மீன் விடவில்லை.

மனோன்மணி அம்மா கதிரையிலிருந்து எழவில்லை. கையிலிருந்த விசிறியால் தொட்டியைச் சுட்டினார். ஐந்து மீன்களும் முண்டியடித்துக்கொண்டு கிடந்த கடற்சாமந்தி, தன் கைகள் அனைத்தையும் விரித்து அசைந்தது.

"நான் அங்கைதானே இருக்கிறன். இவ்வளவு பேரும் ஆருடைய மடியிலை கிடக்கினம் எண்டு பாருங்கோவன்."

 கௌரி கண்ணைத் துடைக்க எத்தனித்தார்.

"அது சரிதான் மாமி," என்றார் சாந்தி, சோற்றுக் கோப்பையை மேசையில் வைத்தபடி. "உங்கடை பிள்ளையளுக்குக் கொட்டாது. வெளியிலையிருந்து வந்த எனக்கெல்லோ கொட்டுது."

"ஓரத்திலை நிண்டு உரசிப் பழகவேணும் எண்டு தம்பி சொன்னவரெல்லோ? நீ வந்த முதல்நாளே நடுவிலை வந்து படுத்திட்டாய்."

எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவர் சாந்தி. சிரித்துக்கொண்டே மாமியாருக்கு முதற் கோப்பையைப் பரிமாறினார்.

துளசிக்கு நான் ஐந்து என்று சொன்னேன். நடுவில் வந்து படுத்த மருமகளையும் சேர்த்து, தயவுசெய்து அவள் அதை ஆறு என்று திருத்திக்கொள்ளட்டும்.